வேஷம் கட்டாத வாசகருக்கு கொன்னில் இரண்டு நாளும் என்ன வேலை?

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: கொழும்பில் சனி, ஞாயிறு நடக்கும் விஞ்ஞானப் புனைவு, மிகைபுனைவு ரசிகர்கள் கூடும் மாநாடான கொன்னுக்குத் தனியாகப் போகலாமா? ஒரு நாள் ரிக்கெற் போதாதா? வாசிப்பைத் தவிர வேறு ஈடுபாடு இல்லாத, ஆங்கிலத்தில் பேசக் கூச்சப்படும் தமிழ் ஆளுக்கு அங்கே என்ன இருக்கிறது? கூடவே, 15 வயதுத் தங்கச்சி கவசம் அணிந்த வீராங்கனையாக வேஷம் கட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறா, அதற்கு என்ன செய்வது? ரிக்கெற்றைப் பற்றிக் கேட்டதுபோல இருந்தாலும், உள்ளே இருக்கும் கேள்வி ‘ஒரு மூலையில் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவேனோ’ என்பதுதான். அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ள வழி உண்டு. முதல் வழி, இரண்டு நாள் ரிக்கெற் எடுப்பது. முதல் நாள் இடம் பழகுவதிலேயே போய்விடும். எந்த அறை எங்கே, எந்த மேசையில் யார், எந்த நேரம் எங்கே நெரிசல் என்பது சனி பின்னேரம்தான் பிடிபடும். நேற்றுப் பார்த்த முகத்தை ஞாயிறு மறுபடி பார்க்கும்போது பேச்சு தானாக வரும். ஒரு நாளோடு நின்றால் அந்த இரண்டாவது சந்திப்பு கிடைக்காது.

கொன் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. எதற்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும். ஒன்று, ரசிகர்கள் சம்பளமில்லாமல் கூடி நடத்துவது. அங்கே காசு கட்டி வருபவரை உறுப்பினர் என்பார்கள்; உரையாடல் அரங்குகளே அதன் உயிர். 1939 ஜூலையில் நியூயோர்க்கில் தொடங்கிய வேல்ட்கொன் என்ற உலக விஞ்ஞானப் புனைவு மாநாடு இந்த வகை. மற்றது கொமிக் கொன் வகை. விற்பனைக் கூடம், பெரிய மேடை, கொஸ்பிளே எனும் வேஷப் போட்டி, வீடியோ கேம், படக்கலைஞர்களின் மேசைகள் என்று விரியும். உரையாடல் ஓரமாக நடக்கும். 2015 இல் தொடங்கிய லங்கா கொமிக் கொன் உட்பட, கொழும்பில் நடப்பவை பெரும்பாலும் இந்த இரண்டாவது உருவத்தில் இருப்பவை. வாசகராகப் போகும் நீங்கள் வாசல் கடந்ததும் காதைப் பிளக்கும் ஒலிபெருக்கியையும் பொம்மைக் கடைகளையும் கண்டு ‘இது எனக்கில்லை’ என்று முடிவு கட்டிவிட வேண்டாம். உங்களுக்கானது மேடைக்கு எதிர்த்திசையில், சிறிய அறைகளிலும் படக்கலைஞர் வரிசையிலும் இருக்கும்.

முதலாவது கொன் எது என்பதில் இன்னும் இணக்கம் இல்லை. 1936 ஒக்டோபரில் பிலடெல்பியாவில் சில ரசிகர்கள் கூடியதை அமெரிக்கர்கள் சொல்வார்கள். முன்கூட்டியே திட்டமிட்டு, அதற்கென மண்டபம் எடுத்து நடத்திய முதலாவது கூட்டம் 1937 ஜனவரியில் லீட்ஸ் நகரில் நடந்ததே என்பது இங்கிலாந்துக்காரரின் வாதம். எதை முதலாவதாகக் கொண்டாலும், லீட்ஸ் கூட்டத்துக்கு வந்திருந்த இளைஞர்களில் பின்னாளில் விஞ்ஞானப் புனைவு எழுத்தாளராகப் புகழ்பெற்ற ஆர்தர் சி. கிளார்க் ஒருவர் என்பதில் சந்தேகமில்லை. 1956 இல் இலங்கைக்கு வந்து இங்கேயே வாழ்ந்து, 2008 இல் இறந்து, பொரளை கனத்தை மயானத்தில் அடக்கமாகியிருப்பவர் அவர். உங்கள் கொன் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடந்தால், அதே பௌத்தாலோக மாவத்தை வழியாகக் கனத்தைக்குப் போய்விடலாம். இதைச் சொல்வது சுற்றுலாவுக்காக அல்ல. கொன்னைத் தொடங்கிவைத்தவர்கள் உங்களைப் போன்ற வாசகர்கள்; வேஷமும் கடையும் பிறகு வந்து சேர்ந்தவை. வாசிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இனி நேரம். நிகழ்ச்சி நிரல் வெளியானதும் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு ஓடுவதுதான் புதிதாகப் போகும் எல்லோரும் செய்வது. ஒரு நாளைக்கு மூன்று அமர்வுக்கு மேல் வேண்டாம். ஓர் அமர்வு அநேகமாக 50 நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலம் வரை போகும். நல்ல இருக்கை வேண்டுமானால் 15 நிமிடம் முந்திப் போக வேண்டும், முடிந்த பிறகு பேச்சாளரிடமோ பக்கத்துக் கதிரைக்காரரிடமோ நாலு வார்த்தை பேச இன்னொரு 15 நிமிடம். ஆகவே ஓர் அமர்வு என்பது உண்மையில் ஒன்றரை மணித்தியாலம். அடுத்தடுத்து இரண்டைப் போட்டால் அந்தப் பிந்திய கால்மணி நேரத்தைத்தான் இழப்பீர்கள், வந்ததன் பலனே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு அமர்வுக்கும் மாற்றாக இன்னொன்றையும் குறித்து வையுங்கள். நேரம் தள்ளிப்போவதும் அறை மாறுவதும் எந்த ஊர்க் கொன்னிலும் நடப்பதே. நிரலைப் படமாக போனில் சேமித்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரையின் கீழ் நிற்கும்போது டேட்டா இழுபடும்.

பேச்சாளர்கள் நால்வர் இருந்தால் நெறிப்படுத்துபவர் யார் என்று பாருங்கள். நல்ல நெறியாளர் இருந்தால் சாதாரணத் தலைப்பும் பிரகாசிக்கும், இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய பெயர் இருந்தும் பயனில்லை. கேள்வி நேரத்தில் ஒரே ஒரு கேள்வி, இரண்டு வசனத்துக்குள் கேளுங்கள். தயக்கம் இருந்தால் முதலே கடதாசியில் எழுதி வைத்து வாசிக்கலாம். யாரும் குறைவாக நினைக்கப்போவதில்லை. கொழும்பு மேடைகளில் ஆங்கிலம் மேலோங்கியிருப்பது உண்மை. ஆனால் மேடையிலிருந்து இறங்கியதும் சிங்களமும் தமிழும் கலந்துதான் பேச்சு ஓடும். படக்கலைஞர்களின் மேசைகளில் தமிழில் பேசினால் தமிழில் பதில் சொல்ல ஒருவராவது இருப்பார்.

தனியாகப் போகிறவருக்கு நான் எப்போதும் முதலில் சொல்வது தொண்டராகச் சேரும்படிதான். ஒரு மாதம் முந்தியே ஏற்பாட்டாளர்களுக்கு எழுதி, பதிவு மேசையிலோ அறை வாசலிலோ ஒரு நாளில் மூன்று, நான்கு மணித்தியாலம் நிற்க முடியும் என்று சொல்லுங்கள். கையில் ஒரு வேலை இருந்தால் கூச்சம் பாதி போய்விடும். வருபவர்களே உங்களோடு பேச்சைத் தொடங்குவார்கள். கூட நிற்கும் தொண்டர்கள்தான் வருடம் முழுக்க இந்த வட்டத்தை இயக்குபவர்கள், அடுத்த முறை உங்களைத் தேடுவார்கள். சில இடங்களில் தொண்டருக்கு நுழைவு இலவசம், சில இடங்களில் சாப்பாடு மட்டும். அதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

இதைவிட ஒரு படி மேலே போக விரும்பினால் தமிழில் ஓர் அமர்வு கேளுங்கள். தமிழில் விஞ்ஞானப் புனைவு வாசிப்பவர்கள் கொழும்பில் இல்லாமல் இல்லை. நிரலில் தங்களுக்கு ஒரு மணித்தியாலம் இல்லாதபடியால் அவர்கள் வருவதில்லை, அவர்கள் வராதபடியால் அந்த ஒரு மணித்தியாலம் நிரலில் சேர்வதில்லை. இந்த முடிச்சை யாராவது ஒருவர் அவிழ்க்க வேண்டும். மூன்று மாதம் முந்தி அனுப்பும் முன்மொழிவில் தலைப்பு, 100 சொல்லில் விளக்கம், மூன்று பேச்சாளர், ஒரு நெறியாளர், தேவைப்படும் ஒலிவாங்கிகள் ஆகியவை இருந்தால் போதும். ‘தமிழில் ஏதாவது வையுங்கள்’ என்ற பொதுவான வேண்டுகோளை எந்தக் குழுவும் கிடப்பில் போட்டுவிடும். ஆட்களோடும் தலைப்போடும் வரும் முன்மொழிவு அவர்களுடைய வேலையைக் குறைக்கிறது, அதனால் இடம் கிடைக்கும். சனி காலை 11 மணிக்குச் சிறிய அறை கேளுங்கள். 30 பேர் வந்தால் 30 பேருக்கான அறை நிறைந்து தெரியும், பெரிய மண்டபத்தில் அதே 30 பேர் தோல்வியாகத் தெரிவார்கள்.

வாங்குவது பற்றி அதிகம் சொல்ல இல்லை. கையால் செய்தது, ஒரே ஒரு பிரதி உள்ளது என்றால் கண்டவுடன் வாங்குங்கள். தொழிற்சாலைப் பொருள் என்றால் ஞாயிறு பின்னேரம்வரை பொறுக்கலாம், சிலர் விலை குறைப்பார்கள். படம் வரையச் சொல்வதானால் சனி காலையிலேயே சொல்லி ஞாயிறு எடுக்க வேண்டும். கார்ட் மெஷின் எல்லா மேசையிலும் இராது. 100, 500 ரூபாத் தாள்களாகக் காசு கொண்டு போங்கள். வாங்கிய படத்துக்கு ஒரு மட்டை ஃபைலும் பிளாஸ்ரிக் பையும் பையில் இருக்கட்டும். ஒக்டோபர், நவம்பரில் கொழும்பில் பின்னேர இடிமழை சொல்லிக்கொண்டு வராது. நூலில் கையெழுத்து வாங்குவதானால் பெயரை ஒரு துண்டில் தெளிவாக எழுதி அந்தப் பக்கத்தில் ஒட்டிக் கொடுங்கள். வெளிநாட்டு எழுத்தாளரிடம் நம் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டு நின்றால் வரிசை முழுக்கக் காத்திருக்கும், பெயரும் பிழையாக விழும்.

இப்போது தங்கச்சி. 1939 இல் நியூயோர்க்கில் நடந்த அந்த முதல் வேல்ட்கொன்னுக்கு இரண்டு பேர் எதிர்கால மனிதர் உடையில் வந்தார்கள். உடையைத் தைத்தவர் மேர்ட்டில் டக்ளஸ் என்ற பெண். ரசிகர் வேஷத்தின் வரலாறு அவருடைய ஊசியில்தான் தொடங்குகிறது, ஆகவே தங்கச்சியின் பிடிவாதத்துக்கு மரியாதை கொடுங்கள். கவசத்துக்கு ஈவிஏ ஃபோம் என்ற மிருதுவான தட்டுத்தான் ஏற்றது; பிள்ளைகள் விளையாடத் தரையில் விரிக்கும் புதிர் விரிப்பும் அதே பொருள்தான். உடம்புக்கு 5 மில்லிமீற்றர், தோள்பட்டைக்கும் வாளுக்கும் 10 மில்லிமீற்றர், மேலே ஒட்டும் அலங்காரத்துக்கு 2 மில்லிமீற்றர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாலு கிழமை தேவை. முதல் கிழமை அளவு எடுப்பது: பழைய ரீ-சேர்ட்டுக்கு மேல் சாப்பாடு மூடும் பிளாஸ்ரிக் தாளைச் சுற்றி, அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, கவசத்தின் கோடுகளை வரைந்து, வெட்டிப் பிரித்தால் அந்தத் துண்டுகளே மாதிரித் தாள். ஒரு பக்கத்தை மட்டும் செய்து மறுபக்கத்துக்குத் திருப்பிப் போடுங்கள். இரண்டையும் தனித்தனியாக வரைந்தால் ஒன்றோடொன்று ஒத்துவராது.

இரண்டாம் கிழமை வெட்டி ஒட்டுவது. வெட்டும் கத்தியின் அலகை அடிக்கடி உடைத்துப் புதுமுனை எடுங்கள். மழுங்கிய அலகு ஃபோமை வெட்டாது, பிய்க்கும். ஒட்டுவதற்குச் சப்பாத்துத் தைப்பவர்கள் பாவிக்கும் மஞ்சள் பசைதான் சரி, புறக்கோட்டையில் தோல் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். இரண்டு விளிம்பிலும் மெல்லியதாகப் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவு காயவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். டின்னில் 10 நிமிடம் என்று எழுதியிருந்தாலும் கொழும்பின் ஈரக் காற்றில் அதற்கு மேல் எடுக்கும். மழை நாளில் பசை ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து அதில் நீர் படியும். மேலே காய்ந்ததுபோல இருக்கும், ஆனால் பிடிக்காது. நடுமண்டபத்தில் கவசம் பிளப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். மழையில்லாத பகலில், யன்னலைத் திறந்து, மின்விசிறி ஓடும் அறையில் ஒட்டுங்கள். பசையின் வாடை தலைசுற்ற வைக்கும் என்பதாலும் யன்னல் திறந்திருக்க வேண்டும். சூட்டுப் பசைத் துப்பாக்கி வேகமானது, ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தப் பசை மறுபடி இளகும். சிறு அலங்காரங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

வளைவு வேண்டிய துண்டை ஹீட் கன்னால் சூடாக்கி, மேற்பரப்பு லேசாக மினுங்கத் தொடங்கியதும் வளைத்து, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். தலைமயிர் உலர்த்தும் கருவிக்கு அந்தச் சூடு போதாது. சூடாக்கியதால் ஃபோமின் நுண்துளைகளும் மூடும், வர்ணம் உறிஞ்சப்படாது. மூன்றாம் கிழமை வர்ணம். நேரடியாக அக்ரிலிக் பூசினால் வளையும் இடமெல்லாம் வெடிக்கும். முதலில் வளைந்து கொடுக்கும் ரப்பர் தன்மையுள்ள பூச்சு வேண்டும். மரவேலைக்கான வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கலந்து நாலைந்து தரம் பூசுவது மலிவான மாற்று, ஆனால் வியர்வையும் மழையும் பட்டால் அது இளகி ஒட்டும். அக்குள், கழுத்துப் பக்கத் துண்டுகளுக்கு வேண்டாம். பட்டிகளையும் வெல்குரோவையும் ஒட்டாமல் தைத்துவிடுங்கள். நாலாம் கிழமை வீட்டில் இரண்டு மணித்தியாலம் முழுதாக அணிந்து, உட்கார்ந்து, படியேறி, மலசலகூடம் போய்ப் பார்க்க வேண்டும். கடைசிச் சோதனையை யாரும் நினைப்பதில்லை, அன்றைக்குத்தான் அழுகை வரும்.

கொண்டுபோவதற்கும் ஒழுங்கு உண்டு. வாளும் கேடயமும் கழற்றினால் ஒரு மீற்றருக்குள் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டோவுக்குள் வளைந்துவிடும். உள்ளே அணியும் பருத்தி உடையோடு வீட்டிலிருந்து வந்து, கவசத்தை மண்டபத்தில் பூட்டுவதே சுலபம். ஊக்கு, ஊசி நூல், சுப்பர் குளூ, இரட்டைப் பக்க டேப், சிறு கத்தரிக்கோல் ஒரு சிறிய பையில் இருக்கட்டும். கத்தரிக்கோலை வாசலில் கேட்டால் காட்டுங்கள். உலோக வாள் எந்த ஒழுங்கான கொன்னிலும் அனுமதியில்லை. வாளுக்குள் குழாய் வைக்கலாமா, நுனி எவ்வளவு மழுங்கலாக இருக்க வேண்டும் என்பவை நிகழ்வுக்கு நிகழ்வு மாறும், அவர்களுடைய விதித் தாளைப் பாருங்கள். விளையாட்டுத் துப்பாக்கியைத் தெருவிலோ பஸ்ஸிலோ வெளியில் தெரியக் கொண்டுபோகக் கூடாது, முகமூடியும் மண்டபத்துக்குள் மட்டும். படையினரின் சீருடையையோ அதை ஒத்த உருமறைப்பு உடையையோ அறவே தவிருங்கள். வேறு நாட்டு ரசிகர் அணிந்த படத்தைக் காட்டி இங்கே விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க முடியாது.

15 வயதுப் பிள்ளை என்பதால் இன்னும் இரண்டு விஷயம். வேஷம் கட்டியிருப்பவரைப் படமெடுக்கக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், தொடக் கூடாது. இது உலகம் முழுக்கக் கொன்களில் நிலைத்துவிட்ட ஒழுங்கு. யார் கேட்டாலும் ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை தனக்கு உண்டென்று அவவுக்கு முதலே சொல்லி வையுங்கள். எல்லை மீறினால் நேரம், இடம், அந்த ஆளின் உடை அடையாளம் மூன்றையும் குறித்துக்கொண்டு உடனே ஏற்பாட்டாளர் மேசைக்குப் போக வேண்டும், மறுநாள்வரை வைத்திருக்கக் கூடாது. அடுத்தது, போன் வேலை செய்யாமல் போனால் எங்கே, எந்தெந்த நேரத்தில் சந்திப்பது என்று காலையிலேயே பேசிக்கொள்ளுங்கள். பெரிய மேடை நல்ல இடமல்ல. பதிவு மேசையே நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளக் கொன்காரரிடம் 5-2-1 என்று ஒரு பழைய கணக்கு உண்டு: ஒரு நாளைக்குக் குறைந்தது ஐந்து மணித்தியால நித்திரை, இரண்டு நேரச் சாப்பாடு, ஒரு குளிப்பு. நம் ஊரில் இரண்டு குளிப்பு என்று மாற்றிக்கொள்ளுங்கள். மண்டபத்துக்குள் பகல் 12 மணியிலிருந்து 2 மணிவரை சாப்பாட்டு வரிசை நகராது. பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், அல்லது கையில் இடியப்பமோ பணிஸோ கொண்டுபோக வேண்டும். வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று வாசலில் கேளுங்கள். கைப்பட்டி கட்டுவார்கள் என்றால் ஒரு விரல் நுழையும் அளவு தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள், கடதாசிப் பட்டி வியர்வையில் கிழியும். கவசத்துக்குள் இருப்பவர் தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. தண்ணீரோடு ஜீவனி என்ற நீரிழப்புக்கான உப்புத்தூள் பக்கற் ஒன்றை அதில் எழுதியபடி கரைத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தலைக்கவசத்தைக் கழற்றி உட்காரவையுங்கள். தலைசுற்று, குமட்டல், வியர்வை நின்றுபோதல் கண்டால் கவசம் முழுவதையும் கழற்றி, உடம்பை நனைத்துக் குளிரவைத்து, முதலுதவிக்காரரை அழைக்க வேண்டும். நீங்கள் சப்பாத்து மட்டும் பழையதாகப் போட்டுக்கொண்டு போனால் போதும்.

இந்த இரண்டு நாளும் பிடித்துப்போனால் அடுத்ததாக வேல்ட்கொன் பற்றி யோசிப்பீர்கள். விசாவும் விமானக் காசும் எல்லோருக்கும் கைகூடாது, ஏற்பாட்டாளர் தரும் அழைப்புக் கடிதம் விசாவுக்கு உத்தரவாதமும் அல்ல. ஆனால் நேரில் போகாமலே அடிப்படை உறுப்பினராகச் சேரலாம். 1953 இல் தொடங்கிய, விஞ்ஞானப் புனைவு, மிகைபுனைவுப் படைப்புகளுக்கான ஹியூகோ விருதுக்கு வாக்களிக்கும் உரிமை அதோடு வரும். ஒரு பிரிவுக்கு ஐந்து படைப்புவரை முன்மொழியலாம், இறுதிப் பட்டியலில் ஆறு வரும், அவற்றை விருப்ப வரிசைப்படி இலக்கமிட்டு வாக்களிக்க வேண்டும். பட்டியலில் உள்ளவற்றின் மின்பிரதிகளைப் பதிப்பாளர்களின் சம்மதத்தோடு வாக்காளருக்கு அனுப்புவது வழக்கம். அது கட்டாயமில்லை, எல்லாமே முழுதாக வருவதும் இல்லை. ஆனால் வருவது ஒரு கோடை முழுவதற்கும் போதிய வாசிப்பு. இணையவழியில் அமர்வுகளைப் பார்ப்பதானால் நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: ஓகஸ்டில் அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி என்றால் நமக்கு அன்று இரவு பத்தரை.

திங்கட்கிழமை தொண்டை கரகரத்தால் பயப்பட வேண்டாம். கூட்டத்தில் நின்று கத்திப் பேசி, நித்திரை குறைந்து, தடிமன் பிடிப்பது கொன் போனவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வியாதி. அறைக்குள் முகக்கவசம் அணிவதும் கையைக் கழுவுவதும் அதைக் குறைக்கும். ஆனால் கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்குவையும் நினைக்க வேண்டும். உயர்ந்த காய்ச்சலும் உடம்பு நோவும் இருந்து சளி இல்லை என்றால் ‘கொன் காய்ச்சல்’ என்று இருந்துவிடாதீர்கள். பரசிட்டமோல் மட்டும், அதுவும் வயதுக்கும் நிறைக்கும் ஏற்ற அளவில் எடுக்கலாம். அஸ்பிரின், ஐபுபுரோஃபன் வகைகள் இரத்தக் கசிவைக் கூட்டும் என்பதால் தொடவே கூடாது. மூன்றாம் நாளைத் தாண்டாமல் வைத்தியரிடம் போய் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். தங்கச்சிக்கு என்றால் அந்த மூன்றாம் நாள்வரைகூடப் பொறுக்க வேண்டாம்.